கூடைக்குள்ள குளிர்ந்த நெருப்பு

கொஞ்சம் கண்ணை மூடிக்கங்க... ஒரு குட்டிக் கதை சொல்றேன். பிரசங்கத்துல தூங்கிடாதீங்க, சவரியண்ணே, உங்களத்தான்!

ஒரு கடற்கரை ஊரு. ஊருக்கு மேற்கால, மண்ணுக்குள்ள கிடக்குற கேஸை எடுத்து எரிச்சு கரண்ட் ஆக்குற ஒரு பெரிய நிலையம். ராவும் பகலும் 'ம்ம்ம்...'னு ஒரு சத்தம். தொட்டில் ஆட்டுற தாய் வாய்க்குள்ளயே பாடுற மாதிரி. ஊர்ல அதுக்கு என்ன பேரு தெரியுமா? 'கேஸ் கம்பெனி'.

அந்தப் பேராலதான் வந்துச்சு வினை!

மரியபுஷ்பம்னு ஒரு மீன்காரி. அன்னைக்கு மத்தியானம் அவ மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்க. ஆசையா வஞ்சிரம் வாங்கி, கூடையில ஐஸ் போட்டு, சாக்கால மூடி, தலையில தூக்கிட்டு வீட்டுக்கு வந்தா... அடுப்புல கேஸ் தீந்துபோச்சு! கூடையை இறக்கக்கூட இல்ல. காலி சிலிண்டரையும் ஆட்டோவுல தூக்கிப் போட்டு, நேரா கேஸ் கம்பெனி வாசல்ல போய் நின்னுட்டா.

வாட்ச்மேன் முனியசாமி சிரிக்கிறாரு. "அக்கா, இங்க கரண்ட்தான் வரும். சிலிண்டர் ரொப்ப மாட்டாங்க."

"என்ன தம்பி சொல்ற? எங்க பனங்காட்டுக்கு அடியிலதான் உங்க குழாய் போகுது. எங்க மண்ணு கேஸு... எனக்கு ஒரு அடுப்புக்கு இல்லையா?"

பேச்சு வளருது... வெயில் ஏறுது... திடீர்னு அவளுக்குப் பக்குனு ஆச்சு. ஐயோ, மீனு! சாக்கை விலக்கி உள்ள கைய விட்டா... ஜில்லுனு இருக்கு. வஞ்சிரம் விறைச்சு அப்படியே கிடக்கு.

"ஐஸ் எங்க வாங்குனீங்க அக்கா?"

"துறைமுகத்து ஐஸ் கம்பெனியில."

"அது எந்தக் கரண்ட்டுல ஓடுது?"

அவ மெதுவா அண்ணாந்து பாக்குறா. கம்பி... கம்பியா... கடலப் பாத்துப் போகுது. "அட... என் மண்ணு நெருப்பா தம்பி, இப்படிக் குளிர்ந்து என் தலையில உக்காந்து வந்துச்சு?"

அவ கண்ணு கலங்கிருச்சு. ஆனா சோறு ஆக்கணுமே? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு ஐஸையா பரிமாறுவா?

முனியசாமி வாசலுக்குப் பின்னாடி தன் வீட்டைக் காட்டுறாரு. "வாங்கக்கா. எங்க வீட்டு அடுப்பு சும்மாத்தான் இருக்கு."

இப்போ கண்ணைத் திறங்க, என் ஜனமே. 'நான் கேட்டது வரல'ன்னு அழுறீங்களே... அது வேற உருவத்துல உங்க கூடைக்குள்ளயே வந்து கிடக்கலாம், தொட்டுப் பாருங்க. ஆனா ஒண்ணு. அடுப்பு அணைஞ்சு வந்து நிக்கிறவகிட்ட இந்தப் பிரசங்கத்தை வைக்காதீங்க. ஆண்டவர் அனுப்புறது எத்தனையோ மைல் தாண்டி வருது... கடைசியில வீட்டுக் கதவை நீங்கதான்யா திறக்கணும்!