கரை திரும்பிய பதிவு

புதுக்கோட்டையிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் லேப்டாப் பைகளோடு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்டவர் சொன்னார்:

"நம்ம பிளாக்செயின் ரொம்ப மெதுவா ஓடுதுன்னு சொல்லிட்டேன்."

"ஏலே, கிறுக்கா ஒனக்கு? வேகமா, மலிவா ஓடணும்னுதான ரெண்டு வருசம் உசிரக் கொடுத்தோம். யார்ட்ட சொன்ன?"

"நம்ம செயின்ல படகு போறது வர்றதப் பதியுற ஆப் செஞ்சிருக்காள்லா, அந்தப் பொண்ணுட்ட. அவ அப்பா படகு கடலுக்குப் போன பதிவு இருக்கு. திரும்பி வந்த பதிவு ஏன் இன்னும் ஏறலன்னு கேட்டா."

"போயி எத்தன நாளாச்சு?"

"ஒம்பது. மறுநா கரைக்கு வந்துருக்கணும்."

"எந்தப் பதிவும் ஒரு செகண்டுல ஏறிருமே லே."

"அது அவளுக்கும் தெரியும். 'சரிண்ணே, மெதுவாவே ஏறட்டும்'னுட்டு போனை வச்சிட்டா."