டீனெகெ வீட்டுக் கல்லறையும் ஒரு தணிக்கை முத்திரையும்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, எனக்காகத் தன் நேரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்திருக்கும் அறக்கட்டளைத் தலைவர் வில்லெமைன் அம்மையார் அவர்களே, நல்கை வழங்கும் நல்லோரே, நிரல் நெய்யும் நண்பர்களே, நிரலில் நுழைந்து பிழை தேடும் நுண்ணறிவாளர்களே, ட்வென்டே மண்ணிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி உட்ரெக்ட் வந்து, முன்வரிசையில் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அமர்ந்திருக்கும் எங்கள் ஊர்த் தாய்மார்களே, அவர்கள் நடுவே என் பக்கத்து வீட்டு டீனெகெ அக்கா அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு சுருக்கமாகப் பேச வராது. நான் மாட்டு மருத்துவர். எங்கள் ஊர் நல்லடக்கச் சங்கத்தின் செயலாளர். மாட்டிடமும் பிணத்திடமும் பழகியவளுக்கு மேடை நாகரிகம் குறைவாகத்தான் இருக்கும். பொறுத்தருள்க.

நம் நாட்டில் செத்தவனுக்கும் வாடகை உண்டு. உங்களுக்குத் தெரியாததா? தவணை கட்டினால் கல்லறை நம்முடையது. கட்டத் தவறினால் கல்லைப் பெயர்த்து, எலும்பை எடுத்து, இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தவணையைக் கட்டத்தான் எங்கள் சங்கம். அந்தச் சங்கத்தின் பணத்தைத்தான் ஸ்டைன் என்ற நிரலாளர் பிளாக்செயின் என்ற கணினிக் கணக்கேட்டுக்கு மாற்றினார். கெட்டிக்காரர், நல்லவர், எங்கள் ஊர்ப் பிள்ளை. தவணை நாள் வந்தால் பணம் தானே போகும், யாரும் மறக்க முடியாது, யாரும் திருட முடியாது என்றார். நம்பினோம். ஏன் நம்பினோம்? உங்கள் முத்திரையைப் பார்த்து நம்பினோம். இந்த அறக்கட்டளையின் நல்கைப் பணத்தில் பாதுகாப்புத் தணிக்கை நடந்தது என்றும், திறந்த குறை ஒன்றுகூட இல்லை என்றும் அவருடைய இணையதளத்தின் முதல் பக்கத்தில் பச்சை வட்டம் பளபளத்தது.

அந்தப் பச்சை வட்டத்துக்குள் என்ன இருந்தது? தணிக்கை செய்த யோரிட் முதல் குறையாகவே எழுதியிருந்தார்: மொத்தப் பணத்தையும் திசைதிருப்பும் கணினிச் சாவி ஒரே ஒருவர் கையில் இருக்கிறது, பலர் கைக்குப் பிரித்துக் கொடுங்கள் என்று. அதற்கு நேரே ஸ்டைன் ஒரு பதில் எழுதினார். 'அறிந்துகொண்டோம்.'

பின்வரிசையில் தலை குனிகிறீர்கள். உங்கள் உலகத்து வழக்கம் அது; உங்களுக்குப் புரிந்துவிட்டது. முன்வரிசைத் தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். குறையைத் திருத்தினாலும் அது மூடிய குறை. திருத்தாமல் 'அறிந்துகொண்டோம்' என்று எழுதினாலும் அது மூடிய குறை. எல்லாம் மூடினால் முத்திரை வரும், முத்திரை வந்தால் மீதி நல்கை வரும். பசுவுக்கு மடிவீக்கம் என்று சொல்கிறேன், பண்ணைக்காரர் 'தெரிந்துகொண்டேன்' என்கிறார், உடனே பசுவுக்கு நலச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறேன் என்று வையுங்கள். அந்தப் பாலை உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா?

வேலைக்கு அழைப்பதாக ஒரு போலிக் கோப்பு வந்தது. ஸ்டைன் திறந்தார். சாவி திருடர் கைக்குப் போனது. சாவியோடு சங்கத்தின் பணம் போனது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஏன் ஸ்டைன், இத அப்பவே சரி பண்ணலை?"

"சரி பண்ணியே ஆகணும்னு விதி இல்லியே, டாக்டரம்மா. பல பேருக்குப் பிரிச்சா தொடக்க விழா தள்ளிப் போகும். படிச்சேன், அறிந்துகொண்டோம்னு போட்டேன். அறக்கட்டளையும் மீதிய அனுப்பிருச்சு."

அவர் பொய் சொல்லவில்லை.

அந்த வாரமே டீனெகெ அக்காவின் கணவர் பெரென்ட் இறந்தார். சிறு வயதில் போன தங்கள் மகனின் குழியிலேயே, அவன் மேலேயே தன்னையும் வைக்கச் சொல்லியிருந்தார். மகன் கல்லறையின் தவணை அந்த மாதம் முடிகிறது. தவணை கட்டினால்தான் அந்தக் குழி திறக்கும். அதே கதி வந்த வீடுகள் ஊரில் வேறும் இருந்தன. எல்லோருமாகத் திரட்டிய பணம் எல்லோருக்குமாகப் பிரிந்தது. டீனெகெ அக்கா பங்குக்கு வந்தது பொதுக்குழிக்குத்தான் போதும். எங்கள் ஊர் வழக்கப்படி அண்டை வீட்டார் நாங்கள் பெட்டியைத் தோளில் சுமந்தோம். மகன் கல்லறையைத் தாண்டித்தான் சுமந்தோம். முன்பின் தெரியாதவர்கள் மேல் இறக்கினோம்.

அடக்கத்துக்கு யோரிட் வந்திருந்தார். யாரும் அழைக்கவில்லை. காபியும் கேக்குத் துண்டும் கொடுத்தபோது டீனெகெ அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"சோதிச்சது நீதானாப்பா? அந்தச் சாவி ஆபத்துன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. மொத குறையா அதத்தான் எழுதினேன்."

"எழுதிட்டு?"

"அவங்க அறிந்துகொண்டோம்னு சொன்னாங்க. அதோட என் வேலை முடிஞ்சுதுக்கா."

"ஒன் வேலை முடிஞ்சுது. எனக்குத்தான் முடியல. வசந்தம் வந்தா எம் பிள்ளையத் தோண்டிருவாங்க."

வசந்தம் வந்தது. தோண்டிவிட்டார்கள்.

அறிந்தவன் யோரிட். அறிந்தவன் ஸ்டைன். அறிந்தது அறக்கட்டளை. அறியாதவர்கள் யார்? படுத்திருந்தவர்களும் படுக்கப் போகிறவர்களும். அத்தனை பேர் அறிந்தும் ஒரு சாவியைப் பிரிக்க ஒரு கை நீளவில்லையே, இது என்ன அறிவு? யாரைக் காக்க எழுந்த அறிவு?

இன்று உங்கள் முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. திருத்தாத குறை திறந்த குறை. அது திறந்திருக்கும்வரை முத்திரை இல்லை, மீதி நல்கை இல்லை. இவ்வளவுதான். என்ன சொல்கிறீர்கள், நடுவரிசை ஐயா? திட்டங்கள் தாமதமாகுமா? ஆகட்டும். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் யாருக்கும் அவசரமில்லை.

நான் பேசி முடித்ததும் நீங்கள் கை தட்டுவீர்கள். நல்ல மனிதர்கள், கண்கலங்கித் தட்டுவீர்கள். தட்ட வேண்டாம். கை தட்டிவிட்டுக் கலைவதும் இன்னொரு 'அறிந்துகொண்டோம்'தான். தட்டுகிற கையைத் தீர்மானத்துக்குத் தூக்குங்கள். முன்வரிசையில் டீனெகெ அக்கா எழுந்து திரும்பி நிற்கிறார். அவருக்குத் தெரியும்படி தூக்குங்கள்.

அழைத்தமைக்கும், ரயில் கட்டணத்துக்கும், பொறுமையாகக் கேட்டமைக்கும் நன்றி. உயரும் கைகளுக்கு என் வணக்கம். மடியிலேயே கிடக்கும் கைகளுக்கும் வணக்கம், உங்களையும் அறிந்துகொண்டோம்.