எத்தனை தலையணை?

— அப்பா, அந்தச் சீட்டை இஞ்ச தாங்க. இது வெறும் இருமல் மருந்தில்லா? நெஞ்சைப் படம் எடுக்கணும்னு முதல்ல சொன்னாரே டாக்டரு?

— சொன்னாரு. பின்ன வேண்டாம்னுட்டாரு. நட ரெஜிஷா, பொழியூர் பஸ்ஸு கெளம்பப் போவுது.

— நான் செருப்பைப் பாத்துட்டு வெளிய நின்ன நேரத்துல உள்ள என்ன நடந்து?

— முதுகுல குழல் வச்சுக் கேட்டாரு. முகத்தைச் சுளிச்சாரு. பின்ன ஒரு கேள்வி. "ஜோக்கிம், ராத்திரி தலைக்கு எத்தன தலையணை வச்சு உறங்குவீரு?"

— தலையணையா?

— ஓ. மீன்காரன் வீட்டு வசதிய அளக்காராக்கும்னு எனக்கொரு ரோஷம். எனக்கு ஒண்ணும் வேண்டாம் சாரேன்னேன். அவருக்கும் சமாதானமாச்சு. உடனே இதை எழுதித் தந்தாரு.

— படுக்காம, இருந்துட்டே உறங்குறதைச் சொன்னீங்களா?

— அதை அவரு கேக்கல்லியே. நான் பொய்யா சொன்னேன்? நம்ம வீட்டுல தலையணை எங்க இருக்கு?

— நில்லுங்க. இருமலுக்கு வந்த ஆளுகிட்ட தலையணைக் கணக்கு எதுக்கு? செரி, நீங்க நீட்டி நிமிந்து கெடந்தா என்ன செய்யும்?

— முங்கின மாதிரி மக்கா. தண்ணி உள்ளேருந்து கழுத்துவரை ஏறும். எழும்பி இருந்தாத் தாழும். வள்ளம் மறிஞ்ச அண்ணைக்குக் குடிச்ச கடல்வெள்ளம் இன்னும் உள்ள கெடக்குன்னு நெனச்சேன்.

— கடலு எத்தன வருசம் உள்ள கெடக்கும்? ராஜையா மாமாவுக்கும் இதே கதைதானே. இதயம் தளந்து, நுரையீரல்ல நீர் கட்டிச்சு. தலையணைய அடுக்கி வச்சு, சாஞ்சேதான் உறங்கினாரு.

— தலையணை உள்ளவனுக்குத் தலையணை. எனக்குச் சாய வாசக்கால்.

— அதைத்தான் டாக்டருகிட்ட சொல்லணும். திரும்புங்க.

— பஸ்ஸு போவுதே பிள்ளே.

— போவட்டும். அடுத்தது வரும். கையப் பிடியுங்க, மெள்ள. ஆமா, உள்ள சுவரு இருக்கும்போ எதுக்கு வாசல்ல போயி இருக்கீங்க?

— அங்ஙனதான் காத்து கிட்டுது.

— காத்துக்கா?

— பின்ன எதுக்கு? நீதான் மழ தொடங்கினதுலேருந்து என்னைத் தாண்டும்போ முகத்தைத் திருப்பிட்டுப் போற. சோறு வச்சாலும் பேச்சில்ல. நானும் கேக்கல்ல.

— நீங்க எனக்குக் காவல் இருக்கீங்கன்னு நெனச்சேன் அப்பா. நானும் ஜினோவும் பழகுற விசயம் தெரிஞ்சு போச்சுன்னு.

— எந்த ஜினோ?