யாக்கோப்புக்குக் கொடுத்த கொளுவி

தூண்டிற்காரர் கடைக்கு வந்தால் முதலில் கேட்பது பலமான சாமான். நான் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டேன். கயிறு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவில் பூட்டுகிற சுழலி பித்தளையாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் அதைச் சீக்கிரம் தின்னாது. ஆனால் கயிற்றை மாட்டுகிற கொளுவி எல்லாவற்றிலும் மெலிந்ததாக இருக்க வேண்டும். எதையாவது இழக்கத்தான் வேண்டும் என்றால், எதை இழப்பது என்று கரையிலேயே தீர்மானித்துவிடலாம். ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்தில் மூன்று வருடமாக இதைச் சொல்லித்தான் வியாபாரம் செய்கிறேன். கதிர்காமு கொடுத்த சாமான் ஏமாற்றாது என்று நெடுந்தீவிலிருந்தும் வந்து வாங்குவார்கள். விதானையார், ஊர்ப் பொறுப்பில் இருக்கிற நீங்களே விசாரித்துப் பார்க்கலாம்.

யாக்கோப்பின் விஷயத்துக்கு வருகிறேன்.

அவனுடைய வலது கையில் நான்கு விரல்கள் நசுங்கி, மடக்க முடியாமல் போயிருந்தன. கயிற்றை இறுக்கிப் பிடிக்க அவனால் ஏலாது. அதனால் இடுப்பில் ஒரு தோல் பட்டியைக் கட்டி, தூண்டில் கயிற்றை அதில் கொளுவிக்கொண்டு, தனியாக வள்ளத்தில் திருக்கை பிடிக்கப் போவான். உடம்பைச் சாய்த்துச் சாய்த்து இழுப்பான். பெரிய திருக்கை அகப்பட்டால் ஆளையே கடலுக்குள் இழுத்துவிடும். அதற்காக மெல்லிய கம்பியில் நானே கொளுவி வளைத்துக் கொடுப்பேன். இழுவை மிஞ்சினால் கம்பி நிமிர்ந்து கயிறு கழன்றுவிடும். மீன் போகும், ஆள் மிஞ்சுவான். அப்படி ஏழு கொளுவிகள் நிமிர்ந்தன. ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே வந்து புதிதாக ஒன்று வாங்கிப் போனான்.

விரல்கள் எப்படி நசுங்கின என்று நீங்கள் கேட்கவில்லை. இரும்புக் கதவைச் சாத்தும்போது அகப்பட்டது என்று அவன் ஊரெல்லாம் சொன்னான். அது உண்மை. சாத்தியது நான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு வரை தெற்கில் ஒரு கரையோரப் பட்டணத்தில் எனக்குக் கடை இருந்தது. யாக்கோப்பு அங்கே என்னிடம் வேலை செய்தான். ஆடிக் கலவரம் தொடங்கியதும், பக்கத்துச் சிங்களக் குடும்பம் என் மனைவி மீனாம்பிகையைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொண்டது. நானும் யாக்கோப்பும் கடையின் களஞ்சிய அறையில் ஒளிந்திருந்தோம். மத்தியானம் பின்கதவை யாரோ தட்டினார்கள். மீனாம்பிகையின் தம்பி இராசநாயகம்.

"அத்தான், கதவைத் திறவுங்கோ" என்றான். அவனுக்குப் பின்னால் ஆட்கள் ஓடிவருகிற சத்தமும் கேட்டது.

"முதலாளி, உங்கடை மச்சான் எல்லே" என்று யாக்கோப்பு தாழ்ப்பாளை இழுத்துக் கதவை ஒரு சாண் திறந்துவிட்டான். நான் முழு உடம்பாலும் தள்ளிச் சாத்தினேன். அவனுடைய விரல்கள் இடையில் இருந்தன. இராசநாயகம் வெளியில் இருந்தான். அதற்குப் பிறகு அவன் தட்டியது கொஞ்ச நேரம்தான்.

அவன் கடைப்பக்கம் வரவேயில்லை என்று மீனாம்பிகையிடம் சொன்னேன். யாக்கோப்பு கையில் துணியைச் சுற்றிக்கொண்டு எதிரே நின்றான். நான் சொன்னதை மறுக்கவில்லை. அகதிக் கப்பலில் மூவரும் ஒன்றாகத்தான் வந்தோம். அதன் பிறகும் அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருநாளாவது ஏசியிருந்தால் அவனோடு காலம் தள்ளியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த ஆனி மாதம், இராசநாயகத்தின் திவசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, புதுக் கொளுவி வாங்க வந்தான்.

"முதலாளி, அக்காவுக்கு நீங்களே சொல்லிப்போடுங்கோ. தம்பி எந்த றோட்டிலை கிடந்தானோ எண்டு அவ அழுகிறதைப் பாக்க ஏலாமல் கிடக்கு" என்றான்.

"சொல்லாட்டி?"

"சொல்லுவியள். எனக்குத் தெரியும்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அது அப்போதே எனக்கு விளங்கியது. உள்ளே போய், சுறாத் தூண்டிலுக்கென்று வைத்திருந்த உருக்குக் கொளுவி ஒன்றை எடுத்துவந்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கையில் வைத்துப் பார்த்தான். "கொஞ்சம் பாரமாக் கிடக்கு."

"புதுச் சாமான். அப்பிடித்தான் இருக்கும்."

"நீங்கள் பாத்துத் தந்தால் சரி" என்று இடுப்புப் பட்டியில் மாட்டிக்கொண்டு போனான்.

அடுத்த நான்கு காலையும் அவன் என் கடையைத் தாண்டித்தான் இறங்குதுறைக்குப் போனான். நான்கு முறையும் கையைத் தூக்கிக் காட்டினான். கூப்பிட்டு மாற்றிக் கொடுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். நானும் கையைத் தூக்கிக் காட்டினேன்.

ஐந்தாம் நாள் வள்ளம் வெறுமையாக மிதந்தது. மறுநாள் ஆளைக் கண்டெடுத்தார்கள். கயிறு அறுந்திருந்தது; கொளுவி பட்டியோடு பூட்டியபடியே இருந்தது. அடக்கம் முடிந்த பிறகு அவன் மனைவி மாக்கிறேற் அந்தப் பட்டியைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள்.

"நீங்கள் திறமான சாமான்தான் குடுத்தனீங்கள், முதலாளி. அவரின்ரை விதி. நீங்கள் மனசை வருத்தாதேங்கோ" என்றாள். நான் அவளுக்குத் தேநீர் போடச் சொன்னேன்.

திவசம் போன கிழமை நடந்தது. ஆட்கள் போன பிறகு மீனாம்பிகை குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நின்று சொன்னாள்.

"யாக்கோப்பு எனக்குக் கப்பலிலையே எல்லாம் சொன்னவன். 'முதலாளி பயந்துபோனார் அக்கா, அவரை வெறுக்காதேங்கோ' எண்டு அழுதவன். நீங்களாச் சொல்லுவியள் எண்டுதான் ஒண்டும் தெரியாதவள் மாதிரி அழுதழுது மூண்டு வரியமாப் பாத்துக்கொண்டிருக்கிறன். இனி அவனும் இல்லை. இப்பவாவது சொல்லுங்கோவன்."

கதவு விஷயத்தில் நான் மறைப்பதற்கு அவள் எதையும் மிச்சம் வைக்கவில்லை. நான் சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு முறை மாக்கிறேற்றின் வீட்டுப் படலை வரைக்கும் போய்த் திரும்பினேன். இன்றைக்கு உங்களிடம் வந்திருக்கிறேன்.

கொளுவி தவறுதலாக மாறிவிட்டது என்று எழுத வேண்டாம். எது நிமிரும், எது நிமிராது என்பது எனக்குத் தெரியும். யாக்கோப்பு சாக வேண்டும் என்றுதான் அதைக் கொடுத்தேன். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஒரு உதவி மட்டும் கேட்கிறேன், விதானையார். இந்தக் கொளுவி விஷயம் மீனாம்பிகைக்குத் தெரிய வேண்டாம். அவள் தாங்க மாட்டாள். அவளை நினைத்துத்தான் நான் இதெல்லாம் செய்தேன்.