அவங்களுக்குப் பதிலா நான்

— அப்புறம்? இந்த வாரம் சீனுவோட முதலாளிக்கு நீ போன் பண்ணலையே?

— பண்ணல மேடம். போனத் தூக்கி அரிசி டப்பாவுல போட்டு மூடிட்டு, டப்பா மேலயே ஒக்காந்துக்கினு இருந்தேன்.

— சமத்து! தம்பி குடிச்சுட்டுப் படுத்துட்டா, காய்ச்சல்னு சொல்லி அக்கா நீதானே லீவு கேட்டுண்டிருந்தே?

— காய்ச்சலு, பேதி, மெட்ராஸ் கண்ணு... சொல்றதுக்கு வியாதியே மிச்சம் இல்ல மேடம்.

— நீ சொல்லலைன்னதும் என்ன ஆச்சு?

— பத்து மணிக்கு அவனே ஏந்துக்கினான். 'லீவு சொன்னியாக்கா'ன்னான். 'வேணும்னா நீயே சொல்லிக்கோ'ன்னேன். மூஞ்சக் கழுவிக்கினு பவர்லூமுக்கு ஓடுனான். நல்லா வாங்கிக் கட்டிக்கினுதான் வந்தான். ஆனா மறுநாளு நான் எழுப்பாமலே கெளம்பிப் பூட்டான்.

— பாத்தியா ரூபா! அவன் தப்புக்கு நீ சாக்கு சொல்லிண்டிருந்த வரைக்கும் அவனுக்கு விடியவே இல்லை. நான் ஆறு மாசமா அடிச்சுண்டது இதுக்குத்தான்.

— சர்லே மேடம். நீங்க துன்னீங்களா?

— அப்புறம் சாப்பிடறேன். பேச்சை மாத்தாதே.

— மூணு மணி ஆவுது. மூஞ்சியே வாடிப்பூட்ச்சு. எலுமிச்ச சாதம் எடுத்தாந்துக்கிறேன், ஒரு வாய் துன்னுட்டுப் பேசுங்க.

— இதோ, இதைத்தான் சொல்றேன்! வியாழக்கிழமைதோறும் நகரியிலேருந்து திருப்பதிக்கு பஸ் ஏறி கவுன்சிலிங்குக்கு வரது நீ. எனக்கு சாதம் கட்டிண்டு வரதும் நீயா? எதிர்ல இருக்கறவா பசி மட்டும்தான் உனக்குத் தெரியறது. இது எப்ப ஆரம்பிச்சதுன்னு யோசிச்சுண்டு வரச் சொன்னேனே?

— யோசிச்சேன். காணிப்பாக்கத்துலதான் ஆரம்பிச்சுது. அப்ப எனக்குப் பத்து வயசு.

— பிள்ளையார் கோவில்லயா?

— ஆமா மேடம். 'இனிமே குடிக்க மாட்டேன்'னு பிரமாணம் பண்ண வெக்கத்தான் அம்மா எங்க நைனாவ அங்க இட்டுக்கினு போச்சு. நைனா கொளத்துல முழுவி ஈரத்துணியோட சாமி முன்னாடி நின்னாரு. அங்க சத்தியம் பண்ணிட்டு மீறுனா சாமி கண்ணப் புடுங்கிடும்னு எங்க தெருவுல சொல்லுவாங்க. நைனாவப் பத்தி எனக்குத் தெரியாதா? சாயங்காலம் ஆனா காலு தன்னால சாராயக் கடைக்குப் பூடும். நைனாவுக்குக் கண்ணு பூடுமேன்னு எனக்கு ஒதறல் எடுத்துட்ச்சு.

— என்ன பண்ணினே?

— முன்னாடி பூந்து நானே சத்தியம் பண்ணிட்டேன். 'நைனா குடிச்சா என்னக் கேளு சாமி'ன்னு.

— பெருமாளே! அப்பா ஒண்ணும் சொல்லலையா?

— அவருக்கு ரொம்ப சந்தோஷம். நெய் தோசை வாங்கிக் குடுத்தாரு. அன்னிக்கே போயி நிம்மதியா குடிச்சாரு. சாவுற வரிக்கும் அந்த நிம்மதி கொறையவே இல்ல மேடம்.

— நீ?

— நான் தெனமும் காலைல ஒரு கண்ண மூடி, ஒரு கண்ணத் தெறந்து, தெருக்கோடி வரிக்கும் தெரியுதான்னு பாத்துக்குவேன். அவரு தள்ளாடிக்கினு வந்தா, நான்தான் குடிச்சவ மாரி மூலைல ஒக்காந்து அழுவேன்.

— பத்து வயசுல... இருடீ, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கறேன்.

— நீங்க அழாதீங்க மேடம். இந்தாங்க, தண்ணி குடிங்க.

— நான் அழலை. கண்ணுல தூசி. சரி, விஷயத்துக்கு வா. திங்கட்கிழமை செல்போன் கம்பெனியில சேரணுமே? உனக்குன்னு ஆசைப்பட்டு நீ எழுதிப் போட்ட மொதல் வேலை. ஹாஸ்டல்ல இடமும் குடுத்துட்டா.

— ஆமா மேடம். லெட்டரத் தலகாணிக்குக் கீய வெச்சுக்கினு தூங்குனேன். நிஜம்மாவே என் பேருதானான்னு நாலு தபா எடுத்து எடுத்துப் பாத்தேன்.

— சீனுவை விட்டுட்டு எப்படிப் போறதுன்னே. இப்ப அவனே எழுந்து போறான். இன்னும் என்ன தடை?

— அவன் இல்ல மேடம் தடை. 'நீ போக்கா, நான் பாத்துக்கிறேன்'னுட்டான்.

— அப்புறம் என்ன? நான் இந்த நாற்காலியில உக்காந்த நாளா, முழுசாத் தேறினவள்னா அது நீதான். எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?

— நான் பூட்டா, வியாழக்கெழம நீங்க இன்னா பண்ணுவீங்க?

— அசடு! உன்னை விட்டா எனக்கு ஆள் இல்லையா? உங்க ஊர்லேருந்தே புதுசா ரெண்டு பேர் வரா. அவா சொல்றதைக் கேட்டா உன் கதையே தோத்துடும். பேர் மட்டும் சொல்லப்படாது.

— சந்திரம்மாவும் தாட்சாயணியும்.

— உனக்கெப்படித் தெரியும்?

— எங்க தெருதான். நான்தான் பஸ் ஏத்தி இட்டாறேன்.

— நல்ல காரியம்தான். ரெண்டு பேர் ஆத்துக்காராளும் குடிச்சுட்டு அந்தப் பாடு படுத்தறாளாம், பாவம். ஆனா வழி தெரிஞ்சுடுத்தோல்லியோ, இனிமே அவாளே வரட்டும். நீ மூட்டையைக் கட்டு.

— நேத்தே கம்பெனிக்குப் போன் பண்ணி, வர்லன்னு சொல்லிட்டேன் மேடம்.

— அடிப்பாவி! ஏன்டீ? தேடி வந்த வேலையை இப்படி யாருக்காகத் தூக்கிப் போட்டே?

— ஆளு வர்லன்னா மாசக் கடைசில இந்த ரூம மூடிடுவாங்க, ஒங்கள ஊட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு வாட்ச்மேன் சிட்டிபாபு அண்ணன் சொன்னாரு. நான் இல்லன்னா அவங்க ரெண்டு பேரும் வர மாட்டாங்க மேடம். அவங்க ஊட்டுக்காருங்க குடிக்கிறதே இல்ல. ஒங்ககிட்ட இன்னா சொல்லணும்னு வாராவாரம் பஸ்ல நான்தான் சொல்லிக்குடுத்து இட்டாறேன்.