இடது கண்ணில் ஒரு சொட்டு

இரவு இரண்டு பத்து. ஊருக்கு வெளியே, மரக் கிடங்குப் பாதை. அந்த நேரத்தில் அங்கே ஈ காக்கை இருக்காது. நடந்தது வேறு யாருக்கும் இல்லை, நம் லாரி ஓட்டுநரின் மச்சானுக்கு. அந்தக் கிடங்கில் அவன் இரவுக் காவல்.

துணைக்கு ஒரு நாய். பெயர் மேனேஜர். வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்த்துக் குரைக்கும், வேலை ஒன்றும் செய்யாது. அதனால் அந்தப் பெயர்.

ஒரு நாள் அது இடது கண்ணை இடுக்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் வடிந்தது. முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருந்தது.

“வெறும் தூசியா இருக்காது மாப்ள. கண்ணு விஷயத்த நாளைக்குன்னு தள்ளாத. இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டு,” என்றார் ரம்பம் ஓட்டுகிறவர்.

“மேனேஜருக்கு யாருண்ணே லீவு குடுக்கறது?” என்று சிரித்தான்.

உண்மையில் சோம்பல்தான். பகல் தூக்கம் கெடும். போன வருஷம் தன் கண் அரிப்புக்கு வாங்கிய சொட்டு மருந்து பாதி மீதம் இருந்தது. அதை விட்டான். நாய் முகத்தைத் தூக்கிக் காட்டி, அசையாமல் நின்றது.

இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. அப்புறம் கண் நீலம் பூத்தது... டார்ச் அடித்தால் ஒரு கண்தான் பச்சையாக மின்னியது.

முதலாளி பார்த்துவிட்டு, அவனையும் நாயையும் டாக்டரிடம் கூட்டிப் போனார்.

“சின்னக் கீறல்தான். அன்னைக்கே வந்திருந்தா ஆறியிருக்கும். ஏதோ மருந்த விட்டு அரிக்க வெச்சிருக்காங்க. கண்ணு போச்சு. யாருப்பா போட்டது?”

“தெரியலைங்க.”

பாட்டில் அவன் சட்டைப்பையில் இருந்தது. அவன் குரல் கேட்டதும், மேஜைமேல் கிடந்த நாய் வாலாட்டியது.

அடுத்த வாரம் ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது. நாய்க்கு இடப்பக்கம். அது பார்க்கவில்லை.

குழி தோண்டியது அவன்தான். பாட்டிலை முதலில் போட்டான். அதன்மேல் நாயைக் கிடத்தி மூடினான்.

அன்று இரவு இரண்டு பத்து. நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தான். சிமென்ட் தரையில் நகம்... டிக். டிக். டிக். நனைந்த ரோமத்தின் வாடை. கை கால் அசையவில்லை. சூடான நாக்கு ஒன்று இமையை விலக்கியது. இடது கண்ணில், சில்லென்று, ஒரு சொட்டு.

விழித்தபோது மடியில் பாட்டில். மண் அப்பியிருந்தது. மூடியில் பல் பதிந்திருந்தது.

விடிந்ததும் முதலாளி வீட்டுக் கதவைத் தட்டினான். குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னான். அவர் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“அது கிடக்கட்டும். உன் இடது கண்ணு நீலம் பூத்திருக்கே... யாருப்பா போட்டது?”