அனாதை நீக்கம்

உங்கள் மின்விசிறி ஒரு பக்கம் சாய்ந்து ஆடுகிறது. மேலே ஒரு திருகாணியை இறுக்கினால் சரியாகிவிடும். இப்படியானவை என் கண்ணில் பட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. சரி, அது உங்கள் பாடு. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். இடையில் மறிக்காதீர்கள். மறித்தால் எனக்கு எரிச்சல் வரும், பிறகு முதலிலிருந்து தொடங்குவேன்.

என் பெயர் கஜானன். உடுவிலில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் ஊர் ஒன்றியத்தின் மருந்துத் திட்டத்துக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச்சனத்தின் உதவியோடு நீண்டநாள் வருத்தக்காரரின் வீட்டுக்கு ஒரு வான் வண்டி மாதாமாதம் மருந்து கொண்டுபோகும். யாருக்கு எந்த மருந்து, எங்கே இறக்குவது என்று என் மென்பொருள் சொல்லும்.

தரவுத்தளத்தில் எல்லாம் அட்டவணைகள். குடும்பங்களுக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று, மருந்துகளுக்கு ஒன்று. அங்கே யாரும் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு வரிசையில் இன்னொரு வரிசையின் இலக்கம் கிடக்கும், அவ்வளவுதான். நிரல் எழுதும்போது அந்த வரிசைகளை ஒப்ஜெக்டுகளாக, தனித்தனிப் பொருள்களாக, மாற்றுவோம். தாய் ஓர் ஒப்ஜெக்ட். அவள் கையில் பிள்ளை, பிள்ளையின் கையில் மருந்து. இப்படிப் பொருத்தும்போது ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். தாயைக் குடும்பத்திலிருந்து எடுத்தால் பிள்ளையை என்ன செய்வது? விட்டுவைக்கலாம், அழிக்கலாம். அழிக்கும் வசதிக்கு ஓர்பன் ரிமூவல் என்று பெயர். அனாதையை நீக்குதல். பெயரை நான் வைக்கவில்லை.

ஆளில்லாத வரிசைகள் சும்மா கிடப்பது எனக்குப் பிடிக்காது. அழிக்கும்படி எழுதினேன். அப்போது என் தங்கச்சியை நான் நினைக்கவே இல்லை. இதை நீங்கள் நம்பலாம்.

தங்கச்சி சுவர்ணா அருட்செல்வனை விரும்பிக் கட்டினாள். அவன் பருத்தித்துறைப் பக்கம், கடற்றொழில் செய்கிற வீடு. நாங்கள் வயல், தோட்டமென்று நிலம் வைத்திருக்கிற வீடு. இதற்கு மேல் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அப்பா கலியாணத்துக்குப் போகவில்லை. பேரன் பிறந்த பிறகு அம்மா விடாப்பிடியாக நின்று அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டா. அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஓரத்தால் பேரனை எட்டிப் பார்ப்பார்.

அவன் பெயர் நிருஷன். ஐந்து வயதில் நீரிழிவு வந்தது. இன்சுலின் இல்லாமல் அவன் இருக்கேலாது. கலியாணம் கட்டிப்போன பெண்பிள்ளைகளையும் ஒன்றியத்தில் தகப்பன் வீட்டோடுதான் பதிவோம், தகப்பன் சொன்னால்தான் எடுப்போம். அப்படித்தான் சுவர்ணாவுக்குக் கீழே நிருஷனையும் அவன் மருந்தையும் நானே சேர்த்தேன். ஊசி போடும்போது அவன் அழமாட்டான். “மாமா, நீங்கள் கண்ணை மூடுங்கோ, உங்களுக்குத்தான் பயம்” என்பான். எனக்கு அவன்மேல் உயிர்.

இந்த வருடம் அம்மா செத்துப்போனா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று, கீரிமலைக்குப் போய்வந்து பந்தி போட்டபோது, அப்பா அருட்செல்வனைப் பந்தியில் இருக்க விடவில்லை. “உவருக்கு வெளியிலை ஒரு கதிரை போடு” என்றார். சுவர்ணா கையிலிருந்த சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

“என்ரை மனிசன் இருக்கேலாத பந்தி எனக்கும் வேண்டாம். இனி இந்த வாசல் படலை மிதிக்க மாட்டன்.”

போகமுதல் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாள். எனக்குச் சபையில் கதைத்துப் பழக்கமில்லை. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்பா எல்லோரும் பார்க்கக் கிணற்றடிக்குப் போய், கட்டிய வேட்டியோடு வாளி வாளியாக அள்ளி ஊற்றினார்.

“அவளைத் தலைமுழுகியாச்சு. உன்ரை கொம்பியூட்டரிலையும் எடுத்து விடு.”

எடுத்தேன். அழியப்போகிறவற்றை நிரல் திரையில் காட்டியது. மருந்து, பிள்ளை, தாய். கீழே இருப்பதுதான் முதலில் போகும். உறுதிசெய்யும்வரை எதையும் மீட்கலாம். வாசிக்காமல் அழுத்திவிட்டேன் என்று பிறகு ஒன்றியத்தில் விசாரித்தபோது சொன்னேன். மென்பொருள் கோளாறு என்று அவர்களும் முடித்துவிட்டார்கள். அது பொய். நான் வாசித்தேன். நிருஷனின் பெயரை இரண்டாம் முறையும் வாசித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

காரணம் கேட்பீர்கள். அம்மா இல்லாத வீடு. அப்பா யாரோடும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. தங்கச்சியின் சத்தம் இல்லாமல் என்னால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை, உண்மையாகவே முடியவில்லை. மருந்து நின்றால் அவள் வருவாள் என்று நினைத்தேன். பிள்ளையோடு வந்து படலையில் நின்றால் அப்பா உருகிவிடுவார். ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைக்க நினைப்பது குற்றமாக எனக்குத் தெரியவில்லை.

வான் வராத அன்றே அழைத்தாள்.

“அண்ணை, இந்த முறை நிருஷனுக்கு மருந்து வரேல்லை. மிச்சம் கொஞ்சந்தான் கிடக்குது.”

“வரும் பிள்ளை, வான் பிந்தியிருக்கும். நீ வீட்டுப் பக்கம் ஒருக்கா வாவன்.”

“வரமாட்டன் அண்ணை. உங்களுக்குத் தெரியுந்தானே.”

“அப்ப பொறு. வரும்.”

பிறகும் அழைத்தாள். ஒவ்வொரு முறையும் நான் வீட்டுக்கு வரச் சொன்னேன். அவள் மறுத்தாள். மருந்து வரும் என்றேன். வெளியில் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். அண்ணன் சொன்னான் என்பதற்காக அவள் தேடவில்லை. இருந்ததைக் குறைத்துக் குறைத்துப் போட்டிருக்கிறாள். பிள்ளை சத்தியெடுத்தபோது சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அவனுக்கு நினைவில்லை. அடுத்த நாள் போய்விட்டான்.

நெஞ்சு வெடிக்கும் என்பார்கள். வெடிக்காது. வெடித்திருந்தால் இன்று நான் உங்களோடு மினக்கெட வேண்டியதில்லை. செத்த வீட்டில் நான் அழுதது நடிப்பென்று நீங்கள் எழுதினால், அதில் மட்டும் கையெழுத்து வைக்கமாட்டேன்.

அன்று சுவர்ணா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். “உங்களிலை பிழையில்லை அண்ணை. அது மிசின் விட்ட பிழை. அழாதேங்கோ” என்றாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அப்பா அருட்செல்வனின் கால்மாட்டில் இருந்து குழந்தை மாதிரி விம்மினார். காரியங்கள் முடிந்ததும் அவரே போய் இருவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்தார். சுவர்ணா தன் கையாலேயே படலையைத் திறந்தாள். அருட்செல்வன் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டான். எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது.

பின்னேரம் தேத்தண்ணி போடுவதற்குப் பால் எடுக்கவென்று அவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

அந்த மாத மருந்துகளை, நான் அழிக்கமுதலே, மருந்துக் கடையில் பெயர் ஒட்டிக் கட்டிவிட்டிருந்தார்கள். வான் ஓட்டுகிற செபநாயகம் அண்ணை ஒரு பெட்டியோடு என்னிடம் வந்தார். “தம்பி, பெட்டி கிடக்குது, ஆனால் லிஸ்டிலை பொடியன்ரை பெயரைக் காணேல்லை. என்ன செய்யிறது?” என்று கேட்டார். “என்னட்டைத் தாங்கோ அண்ணை, நான் குடுக்கிறன்” என்றேன். தங்கச்சி முதல்முறை அழைத்தபோதே அந்தப் பெட்டி எங்கள் அடுக்களை ஃபிரிட்ஜில்தான் இருந்தது.

அவள் பெட்டியில் ஒட்டியிருந்த மகனின் பெயரை விரலால் தடவினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே உங்கள் பொலிஸ் ஸ்டேசனுக்கு வந்துவிட்டாள்.

அவள் வெளியில் வாங்குப் பலகையில் இருக்கிறாள் என்று தெரியும். போய் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். நான் அதை எறியவில்லை. அவள் எப்போது வந்து கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்கவென்று அளவான குளிரில்தான் வைத்திருந்தேன், திகதியைப் பாருங்கள், இன்னும் பாவிக்கலாம்.